இருளிலும் செபித்த சிறுமலர்

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசித் தவக்காலத்தைத் தொடங்குகிறோம். ஒருசந்தியும் சுத்தபோசனமும் அனுசரிக்கிறோம். வெள்ளிதோறும் சிலுவைப் பாதையின் பதினான்கு ஸ்தலங்களிலும் முழந்தாளிடுகிறோம். இவை நாமாக ஏற்கும் தவங்கள். நாம் கேளாத துன்பம் ஒன்று வீட்டுக்குள் நுழைந்துவிட்டால், அப்போதும் நம்மால் செபிக்க முடியுமா?

சென்ற ஆண்டு தவக்காலத் தொடக்கத்தில் என் தந்தையார் பக்கவாதத்தால் படுத்துவிட்டார். நாள் தவறாமல் செபமாலை சொன்னேன். உயிர்ப்புத் திருநாளும் வந்தது. அப்பாவின் வலக்கை அசையவில்லை. மனம் கசந்து, செபமாலையைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டேன். அச்சமயத்தில் எங்கள் சிஸ்டர் ஒருவர் எனக்குப் படிக்கக் கொடுத்ததுதான் குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள் சரித்திரம்.

1873-ல் பிரான்சு நாட்டில் பிறந்த தெரேசம்மாள், நான்கு வயதிலேயே தாயை இழந்தார். 1888-ல் லிசியே நகரின் கார்மேல் மடத்தில் சேர்ந்தபோது அவருக்கு வயது 15. நம் வயதுதான்! மறு ஆண்டே அவருடைய அன்புத் தந்தை லூயி மார்ட்டின் நோயினால் அறிவு தடுமாறி, மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மூன்று ஆண்டுகளுக்குப் பின், கால்கள் முடங்கிய நிலையில் வீடு திரும்பி, 1894-ல் இறந்தார். மடத்தை விட்டு வெளியே சென்று தந்தைக்குப் பணிவிடை செய்ய மகளுக்கு வழியில்லை. செபம் ஒன்றே அவர் கையில் இருந்தது.

1896-ஆம் ஆண்டு பெரிய வியாழன் இரவு, தெரேசம்மாள் படுத்தவுடன் வாயில் இரத்தம் வந்தது. அது காசநோயின் முதல் அடையாளம். அதைவிடப் பெரிய சோதனை உயிர்ப்புக் காலத்தில் தொடங்கியது. மோட்சம் என்று ஒன்று உண்டா என்னும் ஐயம் அவர் உள்ளத்தை இருளாய் மூடிற்று. ஆறுதல் சிறிதும் இல்லை. ஆயினும் அவர் செபத்தை விடவில்லை. விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தாலேயே எழுதி, நெஞ்சோடு வைத்துக்கொண்டார். 1897 செப்டம்பர் 30-ல், 24 வயதில் இறக்கும்வரை அந்த இருள் முற்றும் நீங்கவில்லை. அவரையே திருச்சபை 1925-ல் புனிதையாகவும், 1997-ல் மறைவல்லுநராகவும் அறிவித்தது.

இதில் நமக்குள்ள பாடம் யாது? கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரும் துன்பக் கிண்ணம் அகலவேண்டும் என்றே கேட்டார், அது அகலவில்லை. எனினும் தந்தையிடம் பேசுவதை அவர் நிறுத்தவில்லை. ஆகவே, கேட்டது கிடைத்தால்தான் செபம் என்பதில்லை. இனிமை தோன்றினால்தான் செபம் என்பதுமில்லை. அழுதுகொண்டேனும் கோபித்துக்கொண்டேனும் அவரை விட்டு விலகாதிருப்பதே நம்பிக்கை. நான் செபமாலையைப் பூட்டி வைத்தது, கடவுள் கேளாததனால் அன்று. நான் கேட்டபடியே அவர் செய்யாததனால்தான் என்று இன்று உணர்கிறேன்.

அப்பா இன்னும் எழுந்து நடக்கவில்லை. ஆனால் மாலைதோறும் அவர் கட்டிலருகே அமர்ந்து செபமாலை சொல்கிறேன். மணிகளை அவருடைய இடக்கையில் வைக்கிறேன். அவர் மெல்ல உருட்டுகிறார். சில நாட்களில் என் மனம் வறண்டுதான் கிடக்கிறது. அன்றும் சொல்லி முடிக்கிறேன்.

தோழியரே, உங்கள் வீட்டிலும் ஒரு சிலுவை இருக்கலாம். வரும் தவக்காலத்தில் அதை மறைக்காமல் ஆண்டவர் முன் வைப்போம். பெரிய வெள்ளியைக் கடந்தே உயிர்ப்பு ஞாயிறு வருகிறது!

– மாணவி, பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு