விதைப் பயறும் வண்டும்

துவரை, உளுந்து, பாசிப்பயறு முதலியவற்றை விதைக்கென வைத்திருந்த குடியானவர், விதைப்புக் காலத்தில் பானையைத் திறந்து துளைபட்ட பயற்றையும் மாவையுமே காண்பதுண்டு. இச்சேதத்திற்குக் காரணம் பயறு வண்டாகும்.

இவ்வண்டு பானையில் தானாக உண்டாவதன்று. வயலில் முற்றிய நெற்றின்மேல் தாய்வண்டு முட்டையிடுகிறது. அறுவடையோடு அது வீடு வந்து சேர்கிறது. புழு விதைக்குள் துளைத்துச் சென்று பருப்பைத் தின்று, வண்டாகி, வட்டத்துளை வழியே வெளிவந்து, மற்ற விதைகளின்மேல் வெண்புள்ளி போன்ற முட்டைகளை ஒட்டுகிறது. வெப்ப காலத்தில் ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய நான்கு வாரமே செல்லும். ஆகவே தை மாதத்தில் புகுந்த சில வண்டுகள் ஆடிக்குள் அளவின்றிப் பெருகிவிடும். துளை கண்டபின் வருந்துவதாற் பயனில்லை.

எனவே, முற்றிய நெற்றைத் தாமதமின்றிப் பறித்தல் வேண்டும். பயற்றைப் பல்லிற் கடித்தால் சட்டென உடையும்வரை உலர்த்தி, ஆறவிட்டு, புடைத்து, நிறையில் 100 பங்கு விதைக்கு 1 பங்கு வேப்பெண்ணெய் பூசிச் சேமித்தல் நலம். எண்ணெய்ப் பூச்சு முட்டையைப் பொரியவொட்டாது. பழைய சாக்குகளை வெந்நீரில் முக்கி உலர்த்தியே உபயோகிக்கவேண்டும்.

சங்கத்தார் விதையை அங்கத்தினருக்குக் கடனாக வழங்குமுன், 100 விதைகளை ஈரச் சாக்கில் முளைக்கவைத்து எண்ணுதல் அவசியம். 75-க்குக் குறைவாக முளைப்பின் அவ்விதையை வழங்குதல் தகாது. பொய்த்த விதைக்கும் கடன் நின்றுவிடும்.