ஓட்டுடலி ஆய்வில் இறங்கும் மாணவருக்கு



நண்டு, இறால், சிங்கி இறால், கப்பலின் அடியில் ஒட்டி வளரும் கொட்டலசு ஆகியவற்றை உள்ளடக்கிய ஓட்டுடலிகள், அதாவது மேலோட்டை அவ்வப்போது கழற்றி வளரும், பெரும்பாலும் நீரில் வாழும் கணுக்காலிகள், ஆராய்பவரிடம் மிகுந்த பொறுமையை வேண்டுபவை. இத்துறையில் ஆசிரியராகவும் ஆய்வாளராகவும் நிலைபெற விரும்புபவர் கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதற்கு முன், கையிலுள்ள உயிர் எந்த இனம் என்று ஐயமறச் சொல்லும் திறனைப் பெற வேண்டும்.

இதன் இன்றியமையாமையைச் சேற்று நண்டின் வரலாறு உணர்த்தும். அலையாத்திக் காடுகளிலும் கழிமுகங்களிலும் வாழும் இந்நண்டுகளை ஆய்வாளர் பலர் நெடுங்காலம் சில்லா செரேட்டா என்ற ஒரே பெயரால் குறித்து வந்தனர். 1998-இல் கீனன், டேவி, மான் ஆகிய மூவரும் மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டு, அவை நான்கு தனி இனங்கள் என்று நிறுவினர். அவற்றுள் ஒன்றான சில்லா டிராங்குபாரிக்கா, 1798-இல் விலங்கியலாளர் ஃபாப்ரிசியஸ் தரங்கம்பாடியின் பெயரால் விவரித்த இனமாகும். 1998-க்கு முன் ஒரே பெயரில் வெளிவந்த கட்டுரைகளில் பேசப்படும் நண்டு நான்கில் எது என்பதை, அந்த உடல்கள் பாதுகாக்கப்படாதபோது உறுதிசெய்வது அரிது. ஆகவே ஆய்வுக்கு எடுத்த உயிர்களுள் சிலவற்றைச் சான்று மாதிரிகளாக, பிடித்த இடம், நாள், ஆழம் ஆகியவை எழுதிய சீட்டுடன் அருங்காட்சியகத்தில் ஒப்படைப்பது ஆய்வாளரின் கடமையாகும்.

வளர்ந்த உயிரை அறிவது பாதி அறிவே. முட்டையிலிருந்து வெளிவரும் குடம்பி, அதாவது தாயின் உருவத்தை ஒவ்வாத இளம்பருவம், நண்டில் சோயியா, மெகலோபா என்னும் நிலைகளைக் கடக்கிறது. தனி உயிராகக் கருதப்பட்ட சோயியா நண்டின் குஞ்சே என்பதை, அயர்லாந்தின் கார்க் நகரில் பணியாற்றிய படை மருத்துவர் ஜான் வாகன் தாம்சன் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்டறிந்தார்.

ஆய்வுக் காலத்தைக் கடலின் ஒழுங்குக்கு ஏற்ப வகுப்பதும் தேவை. பரங்கிப்பேட்டையில் கடலைச் சேரும் வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் வடகிழக்குப் பருவமழையின்போது உப்புத்தன்மை வெகுவாகக் குறைவதாலும், கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடிக்குத் தடை இருப்பதாலும், ஓராண்டு மாதிரிகளைக் கொண்டு இனப்பெருக்கக் காலத்தை முடிவுசெய்வது பிழைக்கு இடந்தரும். உதவித்தொகைக் காலத்தின் தொடக்கத்திலேயே மாதிரி சேகரிப்பைத் தொடங்கி, குறைந்தது இரண்டு ஆண்டுகள் நடத்துவது நலம். சினை நண்டு எங்கே, எப்போது வலையில் விழும் என்பதை அறிந்த மீனவரிடம் கற்றுக்கொள்வதும், அவரது பங்கை ஆய்வேட்டில் குறிப்பிடுவதும் நேர்மையாகும்.

பதவி தாமதமாகக் கிடைக்கலாம். அதனால் பணி தளர வேண்டியதில்லை. கல்லூரிக் கல்வி பெறாத மேரி ஜேன் ராத்பன், அமெரிக்கத் தேசிய அருங்காட்சியகத்தில் நண்டுகளை வகைப்படுத்தி உலகப் புகழ் பெற்றார். உதவியாளர் ஒருவரை அமர்த்தும் பொருட்டு 1914-இல் தம் ஊதியத்தை விட்டுக்கொடுத்து, அதன் பின்னரும் பல்லாண்டு ஆய்வைத் தொடர்ந்தார். எல்லோரும் ஊதியத்தைத் துறக்க வேண்டும் என்பதன்று இதன் பொருள். தமக்குப் பின் வருபவருக்கு இடம் உண்டாக்குவதும் ஆய்வாளரின் தொழிலில் அடங்கும் என்பதேயாகும். இத்துறையில் நுழைபவர் பெயரறிந்து, பருவமறிந்து, சான்றுடன் எழுதுவாராக.


துறையின் மூத்த ஆசிரியர்