குப்பை மட்காகும் கதை
(மேல்நிலை முதலாம் ஆண்டு அறிவியல் மாணவியர்)

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த நமது வாசுதேவநல்லூர் வட்டாரத்தில் நெல், கரும்பு, தென்னை, எலுமிச்சை எனப் பயிர்களுக்குக் குறைவில்லை. ஆயினும் கரும்பு வெட்டு முடிந்த வயல்களிலிருந்து மாலை வேளைகளில் புகை எழுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். எரிவது வெறும் சோகை என்றே நாங்களும் எண்ணியிருந்தோம். எங்களில் பலருடைய தந்தையரும் அப்படித்தான் எரிக்கின்றனர். அந்தச் சோகை மண்ணுக்கு உணவாக வேண்டியது என்பதை நாங்கள் உணர்ந்தது, பள்ளித் தோட்டத்தில் நாங்கள் செய்த ஒரு பெருந்தவற்றுக்குப் பின்னரே.

முதல் குவியல்

தோட்டக் குழுவில் சேர்ந்த உற்சாகத்தில் ஏறத்தாழ 200 கிலோ கரும்புச் சோகையைக் கொண்டுவந்து குவித்தோம். "சோகை சீக்கிரம் மக்காது, யூரியா போட வேண்டும்" என்று யாரோ சொல்லக் கேட்டு, 10 கிலோ யூரியாவைத் தூவினோம். சாம்பலும் நல்ல உரம்தானே என்று விடுதிச் சமையலறை அடுப்புச் சாம்பலைக் கூடை கூடையாகக் கொட்டி, தண்ணீரையும் தாராளமாக ஊற்றினோம்.

மூன்றே நாளில் அந்தப் பக்கம் போக முடியவில்லை. கண்ணைக் கரிக்கும் நெடி வகுப்பறை வரை வந்தது. விடுதிச் சிஸ்டர் வந்து பார்த்துவிட்டு, "பிள்ளைகளே, இது உரமா, உபத்திரவமா?" என்று கேட்டார்கள். குவியலை அகற்றிவிடும்படி சொல்லவிருந்தவர்கள், எங்கள் முகங்களைப் பார்த்து, மூன்று மாதத் தவணை கொடுத்தார்கள். அதற்குள் நல்ல உரம் செய்து காட்டாவிட்டால் அந்த இடம் வேறு வேலைக்குப் போய்விடும் என்பது நிபந்தனை.

தோட்டக்காரத் தாத்தா மட்டும் சிரித்தார். "ஏ பிள்ளைகளா, கண்ணு எரியுதுல்லா! உப்பையும் சாம்பலையும் ஒண்ணாப் போட்டா சத்து எங்க நிக்கும்? எல்லாம் ஆவியாப் போகுது. எங்க காலத்துல குளத்துக் கரம்பையில்லா போடுவோம்!" என்றார்.

தாத்தா சொன்னதன் காரணத்தை நூலகத்தில் தேடினோம். யூரியா ஈரத்தில் கரைந்து, நுண்ணுயிர்களின் நொதியினால் அம்மோனியாவாக மாறுகிறது. சாம்பல் காரத்தன்மை உடையது. காரம் மிகுந்தால் அம்மோனியா நீரில் தங்காமல் வாயுவாகிக் காற்றில் கலந்துவிடும். எங்கள் கண்ணைக் கரித்தது அந்த வாயுவே. அதாவது, காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து எங்கள் மூக்கின் வழியே போய்க்கொண்டிருந்தது!

நுண்ணுயிர்களின் சாப்பாட்டுக் கணக்கு

குப்பையை உரமாக்குபவர் நாமல்லர். பாக்டீரியா, காளான், ஆக்டினோமைசீட்ஸ் ஆகிய நுண்ணுயிர்களே. அவற்றுக்கு ஒரு சாப்பாட்டுக் கணக்கு உண்டு. கரிமம் அவற்றின் சோறு. தழைச்சத்தாகிய நைட்ரஜன் அவற்றின் பருப்பு. ஏறத்தாழ 30 பங்கு கரிமத்தை உண்டால், 20 பங்கைச் சுவாசித்துக் கரியமில வாயுவாக வெளியேற்றிவிடும். மீதி 10 பங்கு கொண்டு உடலைக் கட்டும். அந்த உடலுக்கு 1 பங்கு தழைச்சத்து வேண்டும். ஆகவேதான் குவியலைத் தொடங்கும்போது கரிமமும் தழைச்சத்தும் 30க்கு 1 என்ற அளவில் இருப்பது நல்லது என்கிறார்கள்.

நெல் வைக்கோலில் இது ஏறத்தாழ 80க்கு 1. கரும்புச் சோகையிலும் தென்னை நார்க்கழிவிலும் 100க்கு 1 என்ற அளவில் இருக்கும். சோறு மலைபோல் இருந்து பருப்பு இல்லாத பந்தி இது. அதனால்தான் தனிச் சோகை மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. அரைகுறையாக மக்கியதை வயலில் இட்டால், நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ள, பயிர் மஞ்சளாகிறது.

கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தென்னை நார்க்கழிவுக்கு ஒரு முறையை வகுத்துள்ளது. 1 டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும், 5 புட்டி சிப்பிக் காளான் வித்தும் அடுக்கடுக்காக இட வேண்டும். மரத்தன்மை தரும் லிக்னினைச் சிதைக்க வல்லது அந்தக் காளான். இவ்வாறு மக்கியபின் 112க்கு 1 என்றிருந்த விகிதம் ஏறத்தாழ 24க்கு 1 ஆகக் குறைகிறது. இந்த அளவின்படி எங்கள் 200 கிலோவுக்கு 1 கிலோ யூரியா போதும். நாங்கள் இட்டதோ பத்து மடங்கு!

இந்தூர் தந்த பாடம்

குப்பையுடன் பிற பொருள்களை முறையாகச் சேர்த்து உரமாக்கும் கலையை அறிவியலாக வகுத்த இடம் நம் நாடே. இந்தூரில் 1924 முதல் 1931 வரை பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்ட், செடிக்கழிவுடன் சாணம், மாட்டுக் கோமியம் ஊறிய மண், சிறிது மரச்சாம்பல் ஆகியவற்றைக் கலந்து, இடையிடையே புரட்டிவிட்டு, மூன்று மாதத்தில் நல்ல உரம் பெற்றார். யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் 1931இல் வெளிவந்தது. அவருடைய ஆய்வுகளில் தோளோடு தோள் நின்றவர் அவர் மனைவி கேப்ரியேல் ஹோவர்ட். அவரும் ஒரு தாவர அறிவியலறிஞரே என்பது மாணவியராகிய நமக்குப் பெருமை தரும் செய்தி. அவர் 1930இல் காலமானார்.

ஹோவர்ட் சாம்பலைச் சேர்த்தது புளிப்பை முறிக்கும் அளவுக்கே. சத்தைப் பிடித்துவைக்க மண்ணும் உடனிருந்தது. மருந்தாக இட வேண்டியதை நாங்கள் விருந்தாக இட்டுவிட்டோம்.

மட்கு எவ்வாறு உண்டாகிறது?

கத்தரிக்காயை நறுக்கி வைத்தால் சற்று நேரத்தில் கறுத்துவிடும். அதற்காகவே அம்மா தண்ணீரில் போடுகிறார்கள். காயிலுள்ள பாலிஃபீனால் என்னும் பொருள்கள் காற்றுப்பட்டுக் குயினோன்களாக மாறி, ஒன்றோடொன்று இணைந்து பழுப்பு நிறம் பெறுகின்றன. குவியலுக்குள்ளும் இதைப் போன்றதொரு மாற்றம் நிகழ்கிறது. சர்க்கரையும் மாவுப்பொருளும் முதலில் தீர்கின்றன, பின்னர் செல்லுலோஸ், கடைசியில்தான் லிக்னின். லிக்னின் சிதைந்து வரும் பாலிஃபீனால்கள் குயினோன்களாகி, நுண்ணுயிர்கள் விட்டுச்சென்ற புரதச் சிதைவுகளுடன் இணைகின்றன. இவ்வாறு தழைச்சத்து எளிதில் கழன்றோடாதபடி பிணைக்கப்படுகிறது. கறுப்பு நிறமுள்ள இப்பொருள்களையே ஹியூமிக் பொருள்கள் என்கிறோம்.

கரம்பையின் வேலையும் இங்கேதான். களிமண் துகள்களிலுள்ள இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகள் இந்த இணைப்பைத் துரிதப்படுத்துகின்றன. மேலும், மக்கிய பொருள் களித்துகள்களில் ஒட்டிக்கொள்ளும்போது நுண்ணுயிர்கள் அதை எளிதில் எட்ட முடிவதில்லை. நம்மூர் வெயிலில் மண்ணிலுள்ள கரிமம் விரைவாகத் தீர்ந்துபோகிறது. அதைக் கட்டிக்காக்கும் பூட்டு களிமண்ணே.

மட்கைப் பற்றிய அறிவும் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. 1936இல் 'மட்கு' என்ற பொருளிலேயே நூல் எழுதிய செல்மன் வாக்ஸ்மன், லிக்னினும் புரதமும் சேர்ந்ததே மட்கு என்றார். மண் நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கிடைக்கக் காரணமாகி 1952இல் நோபல் பரிசு பெற்றவர் இவரே. 2015இல் லேமன், கிளேபர் என்னும் அறிஞர்கள், மண்ணில் நிலைத்திருப்பது அழியாத பெரும் மூலக்கூறு அன்று; பல்வேறு நிலைகளில் சிதைந்துகொண்டிருக்கும் பொருள்கள் களித்துகள்களால் காக்கப்படுவதே நிலைப்பாட்டுக்குப் பெருங்காரணம் என்று வாதிட்டனர். தாத்தாவின் கரம்பை இப்படிப் புதிய அறிவியலிலும் இடம் பெற்றுவிட்டது!

இரண்டாம் குவியல்

மீண்டும் 200 கிலோ சோகையைச் சிறிதாக நறுக்கினோம். சாணக் கரைசல், நீரில் கரைத்த 1 கிலோ யூரியா, 2 கிலோ ராக் பாஸ்பேட், இரண்டு கூடை கரம்பை ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டோம். சாம்பலைத் தொடவில்லை. ராக் பாஸ்பேட்டிலுள்ள மணிச்சத்து எளிதில் கரையாதது; மக்கும்போது உண்டாகும் அமிலங்கள் அதைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், நீர் சொட்டக்கூடாது என்பதே தண்ணீருக்கு அளவு. நிழலில் வைத்து, பதினைந்து நாளுக்கொருமுறை புரட்டினோம்.

ஐந்தாம் நாள் ஆய்வக வெப்பமானி 62 பாகை செல்சியஸ் காட்டியது. இந்தச் சூட்டில் களை விதைகள் பெரும்பாலும் செத்துப்போகும். நாள் செல்லச் செல்லச் சூடு தணிந்தது, குவியல் ஏறத்தாழ பாதியாயிற்று. புதுமழையில் எழும் மண்வாசனை வரத் தொடங்கியது. ஆக்டினோமைசீட்ஸ் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளின் மணம் அது.

உரம் முதிர்ந்ததா என்று அறிய ஆசிரியையின் மேற்பார்வையில் ஒரு சோதனையும் செய்தோம். உரத்தை நீர்த்த காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்து வடிகட்டினால் கறுத்த பழுப்புநிற நீர் கிடைக்கிறது. அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால், பழுப்புத் துணுக்குகள் அடியில் படிகின்றன. அவை ஹியூமிக் அமிலம். மேலே மஞ்சளாக நிற்பதில் ஃபல்விக் அமிலம் உண்டு. காரத்திலும் கரையாமல் வடிதாளில் நின்றது ஹியூமின். புதுச் சோகையை இவ்வாறு செய்தபோது வெளிர்மஞ்சள் நீரே கிடைத்தது. (காரமே பொருளை ஓரளவு மாற்றிவிடும் என்பதால் இச்சோதனையை மட்டும் நம்பலாகாது என்றார் ஆசிரியை. ஆகவே உரத்தை ஊறவைத்த நீரில் பாசிப்பயற்றையும் முளைக்க விட்டோம். ஒரு மாத உரத்தின் நீரில் பாதிகூட முளைக்கவில்லை. மூன்று மாத உரத்தின் நீரில் ஏறத்தாழ எல்லாமே முளைத்தன.)

தவணை முடியும் நாளில் சிஸ்டரை அழைத்துச் சென்றோம். ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து பார்த்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடுதி எலுமிச்சைக் கன்றுகளுக்கு இரண்டு கூடை கேட்டு ஆள் அனுப்பினார்கள்!

தோழியரே, பெற்றோரே, ஓர் ஏக்கர் கரும்பில் ஏறத்தாழ மூன்று, நான்கு டன் சோகை கிடைக்கிறது. எரித்தால் அதன் கரிமமும் தழைச்சத்தும் புகையோடு போய், கையில் மிஞ்சுவது சாம்பலே. மக்க வைத்தால் நீரைப் பிடிக்கும், சத்தைக் காக்கும், மண்ணைப் பொலபொலப்பாக்கும் மட்கு கிடைக்கும். எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை இம்முறை ஒரு வயலின் சோகையை எரிக்காமல் குவித்து வைத்திருக்கிறார். கரம்பை அள்ள வரும் ஞாயிற்றுக்கிழமை நாங்களும் போகிறோம். மற்ற வீடுகளிலும் ஒரு குவியலேனும் எழட்டும்!