திரையில் தெரிவதெல்லாம் சிக்னலா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

பொறியியல் கல்லூரி எலெக்ட்ரானிக்ஸ் லேபில் ஆசிலாஸ்கோப்பும் ஃபங்ஷன் ஜெனரேட்டரும் இல்லாமல் எந்த வேலையும் நடக்காது. ஆனால் அவற்றை எப்படிக் கையாள்வது என்று உட்கார வைத்துச் சொல்லித்தரும் வகுப்பு பல இடங்களில் இல்லை. முதல் நாள் கொஞ்ச நேரம் அறிமுகம். மறுவாரமே ரெக்டிஃபையர், ஆம்ப்ளிஃபையர் என்று ஓட்டம் தொடங்கிவிடும். ஒரு மேசைக்கு மூன்று நான்கு பேர் என்றால் ஒருவர் குமிழைத் திருகுவார், மற்றவர்கள் ரீடிங்கை எழுதிக்கொள்வார்கள். இப்படிக் கற்றதில் பாதி, சீனியர்கள் வாய்வழியாகக் கைமாற்றிய நம்பிக்கை. அவற்றில் சில, நேரத்தை மட்டும் வீணாக்கும். சில, ரெக்கார்டு நோட்டில் தப்பான எண்ணை ஏற்றிவிடும். ஒன்று உயிருக்கே ஆபத்து. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம்பிக்கை: ஆட்டோசெட் பட்டனை அழுத்தினால் போதும்

ஆட்டோசெட் செய்வது ஊகம். திரும்பத் திரும்ப வரும் அலையாக, ஓரளவு பெரியதாக, ரொம்ப மெதுவாக இல்லாததாக இருந்தால் அந்த ஊகம் சரியாக அமையும். மற்ற இடங்களில் கைவிட்டுவிடும்.

100 கிலோஓம் மின்தடை வழியாக 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை 5 வோல்ட்டுக்கு சார்ஜ் செய்யுங்கள். ஏறுவது ஒரே ஒரு முறை, அதுவும் நொடிக்கணக்கில். ஆட்டோசெட்டுக்கு இது வெறும் கோடு. கட்டத்துக்கு 1 வோல்ட், கட்டத்துக்கு 500 மில்லிநொடி, டிரிகர் அளவு அரை வோல்ட், ஏறுமுகம், சிங்கிள் மோடு என்று நீங்களே வைத்துவிட்டு சுவிட்சைப் போடுங்கள். வளைகோடு முழுசாகத் திரையில் வந்து நிற்கும். 1 நொடியில் அது இறுதி அளவின் 63 சதவீதத்தைத் தொட வேண்டும் என்று பாடத்தில் படித்ததை அங்கேயே அளந்து பார்க்கலாம்.

இதைச் சாத்தியமாக்குவது டிரிகர். சிக்னல் இன்ன அளவை இன்ன திசையில் தாண்டும்போது மட்டும் வரையத் தொடங்கு என்று கருவிக்கு நாம் இடும் கட்டளை அது. திரும்பத் திரும்ப வரும் அலை என்றால், ஒவ்வொரு முறையும் அதே இடத்திலிருந்து வரைவதால்தான் படம் ஓடாமல் நிற்கிறது. 1947-இல் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த 511 என்ற மாடல் பேர் வாங்கியது முக்கியமாக இதனால்தான். அதற்கு முந்தைய கருவிகளில் பெரும்பாலானவை தம் போக்கில் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருக்கும். குமிழைத் திருகித் திருகி அலையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. அந்தச் சிரமத்தைப் போக்கிய குமிழைத்தான் இன்று பல மாணவர்கள் நான்கு வருடமும் தொடாமலேயே பட்டம் வாங்குகிறார்கள். ஸ்கோப்பில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் உருப்படியாகக் கற்க நேரம் இருக்கிறது என்றால் அது டிரிகராக இருக்கட்டும்.

நம்பிக்கை: புரோப் என்பது ஒயர்தான், எதை மாட்டினாலும் ஒன்றுதான்

மேலே சொன்ன மின்தேக்கியையே எடுத்துக்கொள்வோம். புரோபில் உள்ள சுவிட்ச் 1எக்ஸில் இருந்தால் ஸ்கோப்பின் 1 மெகாஓம் நேராக மின்தேக்கிக்கு இணையாக வந்து உட்காரும். 5 வோல்ட்டுக்கு ஏற வேண்டியது 4.55 வோல்ட்டிலேயே நின்றுவிடும். மின்தேக்கியில் கோளாறு இல்லை. அளக்கப் போனவர்தான் சர்க்யூட்டை மாற்றிவிட்டார். 10எக்ஸுக்குத் தள்ளினால் புரோபுக்குள் இருக்கும் 9 மெகாஓம் சேர்ந்து மொத்தம் 10 மெகாஓம் ஆகிறது. பிழை 1 சதவீதத்துக்கு இறங்குகிறது.

வேகமான சிக்னலில் புரோபின் கொள்ளளவுதான் தொல்லை. 1எக்ஸில் சுமார் 100 பைகோஃபாரட் சுமை ஏறும். 10எக்ஸில் பத்துப் பதினைந்து பைகோஃபாரட்தான். ஆகவே வழக்கமாக 10எக்ஸ், மிகச் சிறிய சிக்னலுக்கு மட்டும் 1எக்ஸ். புரோபில் 10எக்ஸ் வைத்தால் சேனல் மெனுவிலும் 10எக்ஸ் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் 5 வோல்ட் அரை வோல்ட்டாகத் தெரியும்.

ஸ்கோப்பின் முகப்பில் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை தரும் சின்னக் கொக்கி ஒன்று இருக்கும். லேபுக்குள் போனதும் முதலில் புரோபை அதில் மாட்டுங்கள். சதுரத்தின் தோள் உருண்டிருந்தாலோ மூலையில் கொம்பு முளைத்திருந்தாலோ, புரோபில் இருக்கும் சிறு திருகைப் பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவரால் திருகி நேராக்குங்கள். பத்து நொடி வேலை.

நம்பிக்கை: ஜெனரேட்டரில் 5 வோல்ட் வைத்தால் 5 வோல்ட்தான் வரும்

வைத்தது 5, ஸ்கோப்பில் தெரிவது 10. உடனே எந்தக் கருவி பழுது என்று விவாதம் தொடங்கும். இரண்டுமே நன்றாகத்தான் இருக்கின்றன.

ஃபங்ஷன் ஜெனரேட்டரின் வெளியீட்டில் 50 ஓம் உள்மின்தடை இருக்கிறது. எதிரிலும் 50 ஓம் சுமை இருக்கும் என்று எண்ணி, அப்போது கிடைக்கும் அளவைத்தான் பல டிஜிட்டல் ஜெனரேட்டர்கள் திரையில் காட்டுகின்றன. ஸ்கோப்போ 1 மெகாஓம். பங்குபோட ஆள் இல்லாததால் முழு அளவும் அங்கே வந்துவிடுகிறது. அவுட்புட் மெனுவில் லோடு என்பதை ஹை-இசட் என்று மாற்றினால் இரண்டு எண்ணும் ஒத்துப்போகும்.

அதே 50 ஓம் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் அந்த 10 வோல்ட் 1.4 வோல்ட் அளவுக்குச் சரிந்துவிடும். ஸ்பீக்கர், மோட்டார் போன்றவற்றை இயக்கக் கொடுத்த கருவி அல்ல இது. நடுவில் ஒரு ஆம்ப்ளிஃபையர் வேண்டும்.

இன்னொன்று: கேபிளை டிடிஎல் அல்லது சிங்க் என்று எழுதிய சாக்கெட்டில் செருகிவிட்டு ஆம்ப்ளிட்யூட் குமிழ் வேலை செய்யவில்லை என்று லேப் உதவியாளரைக் கூப்பிடுபவர்கள் எல்லா பேட்சிலும் உண்டு. அந்த சாக்கெட்டில் வருவது நிலையான அளவுள்ள சதுர அலை. அந்தக் குமிழுக்கு அது கட்டுப்படாது.

நம்பிக்கை: சைன் அலை முக்கோணமாக மாறினால் ஜெனரேட்டர் கெட்டுவிட்டது

741 ஆப்-ஆம்ப் சோதனையில் தவறாமல் எழும் புகார் இது. இங்கே இரண்டு கருவியுமே உண்மையைத்தான் சொல்கின்றன. கேட்கத்தான் ஆள் இல்லை.

741-இன் வெளியீடு ஒரு மைக்ரோநொடிக்குச் சுமார் அரை வோல்ட்டுக்கு மேல் ஏறவோ இறங்கவோ முடியாது. இதுதான் ஸ்லூ ரேட். 10 வோல்ட் உச்சமுள்ள சைன் அலையை இந்த வேகத்தில் ஒழுங்காக வரைய வேண்டுமானால் அதிர்வெண் 8 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் ஆப்-ஆம்ப் தன்னால் முடிந்த வேகத்தில் நேர்கோடாக ஏறி, நேர்கோடாக இறங்கும். அதுதான் அந்த முக்கோணம்.

இது ரெக்கார்டு நோட்டுக்குள் நுழையும் விதம்தான் எனக்குக் கவலை தருகிறது. பெருக்கம் 10 உள்ள நான்-இன்வர்டிங் ஆம்ப்ளிஃபையரின் பேண்ட்விட்த்தை அளக்கச் சொல்கிறார்கள். மாணவர் 1 வோல்ட் உச்சம் கொடுக்கிறார். அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே போகிறார். 18 கிலோஹெர்ட்ஸ் பக்கத்திலேயே வெளியீடு 7.07 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. பேண்ட்விட்த் 18 கிலோஹெர்ட்ஸ் என்று எழுதி, செமி-லாக் தாளில் வரைந்து, கையெழுத்தும் வாங்கிவிடுகிறார். உண்மையான பேண்ட்விட்த் 100 கிலோஹெர்ட்ஸை ஒட்டியது. அவர் அளந்தது ஸ்லூ ரேட்டை. உள்ளீட்டை 50 மில்லிவோல்ட் உச்சத்துக்குக் குறைத்து அதே சோதனையைச் செய்திருந்தால் சைன் அலை சைன் அலையாகவே இருந்திருக்கும், சரியான விடையும் வந்திருக்கும். எண்ணை எழுதும் முன் அலையின் உருவத்தைப் பார்த்திருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது. அலையைப் பார்க்கத்தானே ஸ்கோப்?

நம்பிக்கை: 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் 100 மெகாஹெர்ட்ஸ் வரை சரியாகக் காட்டும்

காட்டாது. சிக்னலின் உயரம் 70.7 சதவீதமாகக் குறையும் இடத்தைத்தான் பேண்ட்விட்த் என்று முகப்பில் அச்சிடுகிறார்கள். அந்த அதிர்வெண்ணில் 1 வோல்ட் 0.7 வோல்ட்டாகத் தெரியும். சதுர அலைக்கு நிலைமை இன்னும் மோசம். அதன் கூர்மை முழுக்க மேல் ஹார்மோனிக்குகளில் இருப்பதால் 100 மெகாஹெர்ட்ஸ் சதுரம் கிட்டத்தட்ட சைனாகவே தெரியும்.

டிஜிட்டல் ஸ்கோப்பில் இன்னொரு கண்ணி உண்டு. திரைக்கு 2500 புள்ளிகள் மட்டும் சேமிக்கும் கருவியில் கட்டத்துக்கு 100 மில்லிநொடி வைத்தால், 10 கட்டமும் சேர்ந்து 1 நொடி. நொடிக்கு 2500 சாம்பிள்தான். அதில் 2501 ஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுத்தால் அழகான 1 ஹெர்ட்ஸ் சைன் அலை தெரியும். படத்தில் ஒரு குறையும் இருக்காது, அப்படி ஒரு சிக்னல்தான் இருக்காது. அதனால் முதலில் வேகமான டைம்பேஸில் தொடங்கி, பிறகு மெதுவாக்குங்கள்.

நம்பிக்கை: ஏசி சிக்னலுக்கு ஏசி கப்ளிங், டிசிக்கு டிசி கப்ளிங்

டிசி கப்ளிங் இரண்டையும் காட்டும். ஏசி கப்ளிங், டிசியை வெட்டிவிட்டு மீதியைக் காட்டும். டிரான்சிஸ்டரின் கலெக்டர் 6 வோல்ட்டில் நிற்கிறதா, சப்ளையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதை ஏசி கப்ளிங்கில் பார்க்கவே முடியாது. 10 ஹெர்ட்ஸ் சதுர அலையின் மேல்தளத்தையும் அது சரிவாக்கிவிடும். பெரிய டிசி மேல் ஏறி வரும் சிறு ரிப்பிளைப் பெரிதாக்கிப் பார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: கருப்பு கிளிப்பை எங்கே மாட்டினாலும் அந்த இரண்டு முனைக்கு நடுவே அளக்கும்

மல்டிமீட்டரில் பழகிய கை செய்யும் தப்பு இது. மல்டிமீட்டர் பேட்டரியில் ஓடுவது. அதன் இரண்டு முனையையும் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். மேசை ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்போ பவர் கார்டின் எர்த் பின்னோடு நேராக இணைந்தது. எல்லா சேனல்களின் கிளிப்பும் ஒன்றோடொன்று இணைந்தவை. பெரும்பாலான லேப் ஜெனரேட்டர்களின் கருப்பு முனையும் அதே எர்த்தான்.

மேலே 1 கிலோஓம், கீழே 0.1 மைக்ரோஃபாரட், 100 ஹெர்ட்ஸில் 10 வோல்ட். மின்தடையின் குறுக்கே அளப்பதற்காக புரோப் முனையை மேலேயும் கிளிப்பை நடுவிலும் மாட்டினால், நடுப்புள்ளி எர்த்துக்குப் போய் மின்தேக்கி ஷார்ட் ஆகிவிடும். 0.6 வோல்ட் தெரிய வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட முழு 10 வோல்ட்டும் தெரியும். தீப்பொறி இல்லை, சத்தம் இல்லை, அலையும் சுத்தமாக இருக்கும். சரியான வழி: இரண்டு கிளிப்பையும் சர்க்யூட்டின் கிரவுண்டில் மாட்டி, சேனல் 1 மேல்முனையில், சேனல் 2 நடுவில் வைத்து, மேத் மெனுவில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழியுங்கள்.

இதே தப்பு 230 வோல்ட்டில் நடந்தால் வேறு கதை. மெயின்ஸில் நேராக ஓடும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரின் மைனஸ் முனையில் கிளிப்பை வைத்தால், டையோடு வழியாக லைன் எர்த்தோடு சேர்ந்துவிடும். டையோடு வெடிக்கும், புரோப் கருகும், லேபே டிரிப் ஆகும். இதற்குத் தீர்வாகச் சிலர் ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டிவிடுகிறார்கள், அல்லது இரண்டு பின் அடாப்டரில் செருகுகிறார்கள். அதன் பிறகு டிரிப் ஆகாதுதான். ஆனால் ஸ்கோப்பின் உலோக உடலும், பிஎன்சி சாக்கெட்டின் வெளிவளையமும், மற்ற புரோப்களின் கிளிப்பும் மெயின்ஸ் மின்னழுத்தத்தில் நிற்கும். 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட். அடுத்து குமிழைத் திருக வருகிற மாணவருக்கு இது தெரியாது. மெயின்ஸ் சர்க்யூட்டை அளக்க டிஃபரன்ஷியல் புரோப் இருக்கிறது. அது இல்லாத லேபில் அந்த அளவீட்டைச் செய்ய வேண்டாம்.

லேப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த செமஸ்டர் தொடங்கும் முன் எல்லா மேசைகளின் பவர் கார்டையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். எர்த் பின் இல்லாத கார்டு கிடைத்தால் அலமாரியில் வைக்காதீர்கள். யாரும் திரும்ப எடுத்து மாட்ட முடியாதபடி துண்டாக வெட்டிப் போட்டுவிடுங்கள்.