பூண்டும் மீன் எண்ணெயும் மாரடைப்பைத் தடுக்குமா?

நம்பிக்கை: வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டு தின்றால் ரத்தக்குழாய் அடைப்பு கரைந்துவிடும்.

உண்மை: அடைப்பு என்பது குழாய்க்குள் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு அல்ல. குழாயின் சுவருக்குள்ளேயே கொழுப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து பல ஆண்டுகளில் தடிப்பது; பூண்டு அங்கே போய்க் கழுவ வழியில்லை. சரி, ரத்தத்தில் ஓடும் கெட்ட கொழுப்பையாவது (எல்.டி.எல்.) குறைக்குமா? ஸ்டான்ஃபோர்டில் 192 பேரிடம் சோதித்து, முடிவை 2007இல் வெளியிட்டார்கள். ஆறு மாதம், வாரத்துக்கு ஆறு நாள், சிலருக்கு சாண்ட்விச்சில் பச்சைப் பூண்டு, சிலருக்குப் பூண்டு மாத்திரை. உடன் இருந்தவர்கள் பாடு பாவம்! கெட்ட கொழுப்பு அசையவில்லை.

2022இல் வெளியான இன்னோர் ஆய்வில் ஏறத்தாழ 200 பேர். பூண்டு, மஞ்சள், பட்டை, மீன் எண்ணெய், தாவர ஸ்டீரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி எல்லாம் மாத்திரைகளாக 28 நாள் பரீட்சைக்கு வந்தன. ஒப்பிடுவதற்காகக் கொடுத்த ஸ்டாட்டின் வகைக் கொழுப்பு மருந்தான ரோசுவாஸ்டாட்டின், 5 மில்லிகிராம் அளவிலேயே கெட்ட கொழுப்பை ஏறத்தாழ 38 சதவீதம் இறக்கியது. மற்ற ஆறும் வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. பூண்டுக் குழுவில் கொழுப்பு சற்று ஏறியே இருந்தது. 28 நாள் ஆய்வு மாரடைப்பைப் பற்றி எதுவும் சொல்லாது என்பதும் நியாயம்தான். ஆனால் விளம்பரங்கள் பேசுவதே கொழுப்பைப் பற்றித்தானே? ரசத்துக்குப் பூண்டு தட்டிப் போடுங்கள், ருசிக்காக.

நம்பிக்கை: தினம் ஒரு மீன் எண்ணெய் காப்ஸ்யூல் போதும்.

உண்மை: அமெரிக்காவில் 25,871 பேரை ஐந்து ஆண்டுக்கு மேல் கவனித்த 'வைட்டல்' ஆய்வில் தினம் ஒரு கிராம் கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றையும் கூட்டிப் பார்த்தால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. அளவு கூடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் அபாயமும் கூடுகிறது. மத்திக் குழம்பு வேறு விஷயம், தாராளமாகச் சாப்பிடலாம்.

நம்பிக்கை: ஸ்டாட்டின் ரசாயனம், சிவப்பு ஈஸ்ட் அரிசி இயற்கை.

உண்மை: அதிலுள்ள மொனகோலின் கே, லோவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மருந்தேதான். அதே தசைவலி வரலாம், அதே கல்லீரல் தொல்லை வரலாம். எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் புட்டிக்குப் புட்டி மாறும். (நம்மூர் சிவப்பரிசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

நம்பிக்கை: இயற்கைப் பொருள் என்றால் எதனோடும் சேர்த்துச் சாப்பிடலாம்.

உண்மை: பூண்டு மாத்திரை ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும். வார்ஃபரின், ஆஸ்பிரின் எடுப்பவர்களும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் இதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவர் கேட்காவிட்டாலும்.