வண்டி ஸ்டாண்டு வைக்கப் போகிறீர்களா?

சிவகாசி, விருதுநகர் பேருந்து நிலையங்களுக்கு இருசக்கர வண்டியில் வந்து, அங்கிருந்து பஸ் ஏறி வேலைக்குப் போவோர் ஏராளம். தீபாவளி நெருங்கினால் பட்டாசு வாங்க வெளியூர்க் கார்களும் வருகின்றன. காலி மனை இருந்தால் ஸ்டாண்டு வைக்கலாமே என்று நம் இளைஞர்கள் எண்ணுவது நியாயம்தான். ஆனால் தொடங்கும் முன் மூன்று விஷயங்களைக் கவனிப்போம்.

1. இடமும் கணக்கும்

வாடகை மனை என்றால் முதலில் பட்டாவைப் பாருங்கள். புறம்போக்கில் கால் வைக்காதீர்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். உரிமம் பற்றி மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள். பத்து சென்ட் என்பது 4,356 சதுர அடி. வழி விட்டு நிறுத்தினால் சுமார் நூறு இருசக்கர வண்டிகள் அல்லது பதினைந்து கார்கள் நிற்கும். நூறு வண்டி, தலா 10 ரூபாய் என்றால் நாளுக்கு 1,000 ரூபாய். பாதிதான் வந்தால் 500. வாடகை, ஆள் சம்பளம், மின்கட்டணம் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். பாதி வண்டிக்கே கட்டுப்படியாகுமா என்று பார்த்து இறங்குங்கள். கந்துவட்டிக்கு வாங்கித் தொடங்கவே வேண்டாம்.

2. டோக்கன் என்பது அமானிதம்

"வண்டி காணாமல் போனால் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று டோக்கனில் அச்சிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 1998இல் டெல்லி தாஜ் மஹால் ஓட்டலில், விருந்தினர் நிறுத்தச் சொல்லி ஊழியரிடம் சாவியோடு ஒப்படைத்த கார் திருடு போனது. ஓட்டல் தரப்பு சீட்டில் அச்சிட்டிருந்த அப்படிப்பட்ட வாசகத்தைக் காட்டியது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கவனக்குறைவுக்கு அந்த வாசகம் கேடயமாகாது என்றது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும், ஒப்படைக்கப்பட்ட பொருளைச் சாதாரண விவேகமுள்ளவர் தன் பொருளைக் காப்பதுபோல் காக்க வேண்டும் என்கிறது.

ஆகவே டோக்கனில் வண்டி எண்ணையும் நேரத்தையும் எழுதுங்கள். டோக்கன் இல்லாமல் வருபவரிடம் ஆர்.சி., அடையாள அட்டை பார்த்து, கையெழுத்து வாங்கிய பிறகே வண்டியை விடுங்கள். தெரிந்த முகம் என்று விட்ட வண்டிதான் வம்பில் முடியும். வாசலில் கேமரா இருக்கட்டும்.

3. தீ

நம் ஊரில் இது தனிப் பாடம். பட்டாசு ஏற்றிய வண்டியை உள்ளே நிறுத்த விடாதீர்கள். ஏற்றியதும் புறப்படச் சொல்லுங்கள். ஒரு தீப்பொறி, பெட்ரோல் நிறைந்த நூறு வண்டிகளையும் எரித்துவிடும். காய்ந்த புல்லை அகற்றி, மணல் வாளியும் தீயணைப்பானும் வையுங்கள். பீடி, சிகரெட்டுக்கு வாசலிலேயே தடை போடுங்கள்.

கூலி வேலைக்குப் போகிறவருக்கு அந்த வண்டிதான் பெரிய சொத்து, தவணைகூட முடிந்திருக்காது. பத்து ரூபாய்க்கு நாம் ஏற்பது அந்தச் சொத்தின் பொறுப்பை.