வானைக் காக்கும் கருவிகள்

ஐதராபாத்தை அடுத்த சிகந்தராபாத் படைக்குடியிருப்புப் பகுதியில் அமைந்துள்ள ஊர் திருமுல்கேரி. இந்தியத் தரைப்படையின் மின்னணு, இயந்திரப் பொறியியல் கல்லூரி இங்கு உள்ளது. படைக்கருவிகளைப் பேணவும் பழுதுபார்க்கவும் வீரர்கள் இங்கே பயிற்சி பெறுகின்றனர். பீரங்கிகளும் வான் பாதுகாப்புக் கருவிகளும் அவர்கள் பொறுப்பில் அடங்குவன.

களப்பீரங்கியின் இலக்கு நிலத்தில் உள்ளது. 1999ஆம் ஆண்டு கார்கில் போரில், 155 மி.மீ. போபர்ஸ் பீரங்கிகள் மலைமுகடுகளில் இருந்த பகைவர் நிலைகளைத் தாக்கின. வான் பாதுகாப்புப் பீரங்கியின் இலக்கோ பறந்துகொண்டே இருப்பது. ஒரு விமானம் நொடிக்கு 250 மீட்டர் செல்கிறது எனக் கொள்வோம். குண்டு அதனைச் சென்றடைய மூன்று நொடி ஆகுமாயின், அதற்குள் விமானம் 750 மீட்டர் கடந்துவிடும். ஆகவே, விமானம் இருக்கும் இடத்தை நோக்கியன்று, அது வரப்போகும் இடத்தை நோக்கியே சுடுதல் வேண்டும்.

இப்பணியை ஒரு கருவி தனித்துச் செய்ய இயலாது. ரேடார் கண்ணாக நின்று இலக்கைக் காண்கிறது; கணினி மூளையாக நின்று அதன் விரைவையும் திசையையும் கணக்கிடுகிறது; பீரங்கி கையாக நின்று சுடுகிறது. இந்தியப் படையில் நெடுங்காலமாக உள்ள எல்-70 பீரங்கி 40 மி.மீ. குண்டுகளை நிமிடத்திற்கு ஏறத்தாழ 300 என்னும் அளவில் சுடவல்லது. அதன் பயன்தரும் எல்லை நான்கு கிலோமீட்டருக்கு உட்பட்டது.

அதற்கு அப்பால் உள்ள இலக்குகளைத் தாக்க ஏவுகணை தேவை. அப்துல் கலாம் தலைமையில் 1983இல் தொடங்கிய ஏவுகணைத் திட்டத்தில் உருவானது 'ஆகாஷ்'. ஐதராபாத்தில் வடிவமைக்கப்பட்ட இந்த ஏவுகணை, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வரை சென்று தாக்கும். 2015இல் இது தரைப்படையில் சேர்க்கப்பட்டது.

கருவி எத்துணைச் சிறந்ததாயினும், பேணுவார் இன்றேல் பயன்படாது. பீரங்கியைத் திருப்பும் பொறி ஒரு பாகை பிழைபட்டால், நான்கு கிலோமீட்டர் தொலைவில் குண்டு ஏறத்தாழ 70 மீட்டர் விலகிச் செல்லும். விமானம் தப்பிவிடும், அதன் கீழுள்ள ஊர் தப்பாது. அந்த ஒரு பாகைப் பிழையை அமைதிக் காலத்திலேயே கண்டு திருத்துபவர், போர்முனைக்குச் செல்லாமலே ஓர் ஊரைக் காக்கிறார். திருமுல்கேரியில் கற்பிக்கப்படும் தொழிலின் பெருமை இதுவே.

சொற்பொருள்

இலக்கு – குறி. பேணுதல் – பாதுகாத்தல். முகடு – உச்சி. பாகை – கோணத்தின் அளவு

பயிற்சி

1. களப்பீரங்கிக்கும் வான் பாதுகாப்புப் பீரங்கிக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. நொடிக்கு 200 மீட்டர் செல்லும் விமானம் நான்கு நொடியில் எவ்வளவு தொலைவு கடக்கும்?
3. பிரித்து எழுதுக: படைக்கருவி, போர்முனை.
4. 'பழுதுபார்ப்பவரும் காவலரே' – ஐந்து தொடர்களில் எழுதுக.